சாம்பலா, சந்தனமா?

அன்புள்ள ஐயா,

புது வீட்டு ஹாலுக்கு நான் வெளிர்சாம்பல் என்கிறேன், மனைவி சந்தன கலர் என்கிறாள். மூன்று வாரமாக ஷேட் கார்டும் கையுமாக அலைகிறேன். ஜன்னல் வடக்கே பார்த்தது. வாஸ்து, கம்பெனி எல்லாமே குழப்பம். நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம்தான் என் வீட்டிலிருந்து பெயிண்டர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால் உடனே எழுதுகிறேன்.

வாஸ்துவை விடுங்கள். கம்பெனி எதுவானாலும் சரி. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து விதி இருக்கிறது, டப்பாவில் அதை மட்டும் பாருங்கள்.

மூன்று வாரம் அட்டையைப் பார்த்த மனுஷன் ஒரு நாள் சுவரைப் பார்த்தீரா? கட்டைவிரல் அகலத் துண்டைக் கடை டியூப்லைட்டில் பார்த்து ஹாலையே முடிவு செய்வீர்களா? நாலு சுவரிலும் ஏறினால் ஒன்றின் நிறம் மற்றதில் பட்டுத் தெறித்து, அட்டையில் கண்டதைவிட அழுத்தமாகத்தான் தெரியும். வடக்கு ஜன்னலில் வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி நாள் நேர்வெயில் வராது, வான வெளிச்சம்தான். அதில் உங்கள் சாம்பல் நீலம் பாய்ந்து நிற்கும். ராத்திரி மஞ்சள் எல்இடி போட்டால் அதுவே வேறு. சின்ன டப்பா இரண்டு வாங்கி, ப்ரைமர் மேல் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடியுங்கள். காலையில், மத்தியானம், விளக்கு வைத்த பிறகு பாருங்கள். ஈரத்தில் மட்டும் பார்க்காதீர்கள்.

ஈரத்தில் பார்த்து நான் அழுதிருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் அப்பா கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றுவார். தொட்டி தளதளவென்று கொதிக்கும், எங்களைக் கிட்டே விடமாட்டார். பழைய வேட்டியில் வடிகட்டி, துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலந்து, மட்டையால் அடிப்பார். அடித்த கையோடு பார்த்தால் ஒன்றுமே இருக்காது, பழைய அழுக்கு அப்படியே இளிக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது என்று பின்னால் படித்தேன்.

ஒரு வருஷம் அம்மா "போதும்" என்று சொல்லச் சொல்ல அப்பா நீலத்தைக் கொட்டிவிட்டார். அடுப்படிகூட மருந்துக் கடை மாதிரி ஆகிவிட்டது. பகல் முழுக்க அங்கே நின்றது அம்மாதான். ஒரு வார்த்தை பேசவில்லை. (உங்கள் ஹாலில் பகலில் இருக்கப்போவது யார்? சந்தன கலர் ஏன் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.)

அடுத்த மார்கழியில் நீலப் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு, மட்டையோடு தள்ளி நின்றார் அப்பா.