கவிஞர் எம்.பி.க்குச் சம்பளம் கொடுத்தது யார்?

கேள்வி: மகள் ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். அவள் பாடத்தில் வரும் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல் எம்.பி.யாகவும் இருந்தாராமே? அந்தக் காலத்து எம்.பி.க்குச் சம்பளம் உண்டா?
- தோ பாயோ வாசகி

பதில்: இருந்தார், பெயருக்கு அல்ல. 1659-இல் இங்கிலாந்தின் ஹல் என்ற துறைமுக நகரம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. நடுவில் ஒரு சிறு இடைவெளி போக, 1678-இல் சாகும்வரை எம்.பி.தான். கவிதைகள் பெரும்பாலும் 1681-இல்தான் நூலாக வந்தன என்பதால் ஹல் மக்களுக்கு அவர் கவிஞரே அல்ல, தங்கள் ஆள், அவ்வளவுதான்.

சம்பளம் உண்டு, ஆனால் அரசாங்கம் கொடுத்ததல்ல. பல ஊர்கள் எம்.பி.க்குப் பணம் தருவதையே விட்டுவிட்ட காலத்தில், ஹல் நகரம் நாடாளுமன்றம் கூடும் நாளுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு, தன் கையிலிருந்து கொடுத்தது. வாங்கிய காசுக்கு அவரும் அவையில் நடந்ததை எல்லாம் நகர மன்றத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். ஏறக்குறைய 300 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. 1660-இல் ஊரார் அன்பளிப்பாக அனுப்பிய பீருக்கு நன்றி சொல்லும்போது, உங்களை அடிக்கடி நினைக்க இது உதவும், ஆனால் இவ்வளவு அனுப்பினால் நிதானமானவர்களுக்கே மறதி வந்துவிடுமே என்கிறார். குசும்புக்காரர்!

அப்புறம் ஒரு கூத்து. 1663-இல் கார்லைல் பிரபுவின் தூதுக்குழுவில் செயலாளராக மாஸ்கோவுக்குக் கிளம்பிப் போனவர், ஸ்வீடன், டென்மார்க் எல்லாம் சுற்றிவிட்டு 1665-இல்தான் திரும்பினார். பதவி அப்படியே இருந்தது. நம் சிங்கப்பூரில் சபாநாயகரின் அனுமதியில்லாமல் தொடர்ந்து இரண்டு மாதம் அமர்வுகளுக்கு வராவிட்டால் பதவி காலி, தெரியுமல்லவா?

கேள்வி: சரி, அவையில் நன்றாகப் பேசுவாரா?
- அதே வாசகி

பதில்: அபூர்வமாகத்தான் பேசுவார். 1660-இல் தன் நண்பர், கவிஞர் மில்டன் சிறையிலிருந்து விடுதலையானபோது அதிகாரி கேட்ட கட்டணம் அநியாயம் என்று எழுந்து கேட்டிருக்கிறார், அது நல்ல காரியம். 1677-இல் நடந்தது வேறு ரகம்: இருக்கைக்குப் போகும் வழியில் சக எம்.பி. சர் பிலிப் ஹார்கோர்ட்டின் காலில் தடுக்கி, சமாளித்து நிமிரும்போது ஹார்கோர்ட்டின் காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்துவிட்டது. சபாநாயகர் விடவில்லை, விவாதமே நடந்தது. நாங்கள் ரொம்பப் பழகியவர்கள், அந்த உரிமையில் நடந்தது என்று மார்வெல் சொல்லித் தப்பித்தார்.