காது கேட்கிறது, சொல் பிடிபடவில்லை: கேள்வி பதில்

கேள்வி (மல்லாவி): ஐயா, அப்பா இறந்தபின் அம்மா எதைச் சொன்னாலும் மூன்று முறை "என்ன?" என்கிறார். காதுப் பரிசோதனையில் குறையில்லையாம். வேண்டுமென்றே செய்கிறாரா?

பதில்: இல்லை, மகள். அமைதியான அறையில் செய்யப்படும் அந்தப் பரிசோதனை, தனி ஒலி எவ்வளவு மெல்லியதாகும்வரை கேட்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. பேச்சை விளங்கிக்கொள்வதற்கோ, வந்த சொல்லைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்தி, அடுத்த சொல்லோடு சேர்த்துப் பொருள்கொள்ள வேண்டும். அப்பாவின் இழப்பால் அவருக்கு மனச்சோர்வு வந்திருக்கலாம். அது அந்தக் கவனத்தையும் நினைவையும் மந்தமாக்குவதால், நீங்கள் தேங்காய் திருவியபடி பேசும்போது, அவர் முதற்சொல்லைப் பிடிப்பதற்குள் நான்காவது சொல் வந்துவிடுகிறது. திருவலையை நிறுத்தி, அவர் முகம்பார்த்து அமர்ந்து, ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள். "காது செவிடோ?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அப்படிக் கேட்டால் அவர் பேசுவதையே குறைத்துக்கொள்வார்.

கேள்வி (கிளிநொச்சி): மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் அண்ணன் வீட்டில் ஓரளவு பேசுகிறார். செத்தவீட்டிலும் வற்றாப்பளைப் பொங்கலிலும் ஒன்றும் விளங்கவில்லை என்று ஒதுங்கிவிடுகிறார். ஏன்?

பதில்: லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) இரைச்சல் பேச்சொலியை மூடுகிறது, அருகில் நாலு பேர் கதைப்பதோ கவனத்தையே இழுக்கிறது. மனச்சோர்வு அறிகுறிகள் கூடியவர்கள் வெறும் இரைச்சலைவிடப் பிறர் பேச்சின் நடுவிலேயே அதிகம் தடுமாறுவது ஆய்வில் காணப்பட்டுள்ளது. அவரைக் கூட்டத்தின் ஓரத்தில், சுவர்ப்பக்கமாக இருத்திப் பேசுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 2009 இல் போரின்போது அருகில் செல் (எறிகணை) விழுந்ததிலிருந்து காதில் இரைச்சல் இருக்கிறது. எல்லாம் மனத்தால் வருவது என்கிறார்கள்.

பதில்: அந்தச் சொல்லை ஏற்று இருந்துவிடாதீர்கள், அம்மா. வெடியதிர்ச்சியில் கிழிந்த செவிப்பறை பலருக்கு ஆறிவிடும். உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. அப்போது பெரும்பாலும் உயர்சுருதி ஒலிகளே முதலில் குறைவதால், குரல் கேட்கும், ஆனால் "பத்து", "பட்டு" என்பவை ஒன்றாகிவிடும். கேட்காமை மனிதரைத் தனிமைப்படுத்திச் சோர்வைக் கூட்டுகிறது; சோர்வு அந்த இரைச்சலைத் தாங்க முடியாததாக்குகிறது. எனவே காது, மூக்கு, தொண்டை மருத்துவரையும் உளநல மருத்துவரையும் பாருங்கள். ஒருவரைப் பார்த்ததால் மற்றவரைத் தவிர்க்க வேண்டாம்.

கேள்வி (மாங்குளம்): சாதாரணமாகச் சொன்னதையும் மனச்சோர்வுள்ள என் மனைவி ஏசியதாக எடுத்துக்கொள்கிறார்.

பதில்: சோர்ந்த மனம் குரலின் தொனியையும் துயரத்தின் பக்கமாகவே கேட்கும். வாதிடாமல், சொன்னதை மென்மையாக மீண்டும் சொல்லுங்கள்.

கேள்வி (மாங்குளம்): மருந்தால் இது மாறுமா?

பதில்: மனம் தேறத் தேறப் பலருக்குக் குறையும், கவனம் மட்டும் சிலரில் பிந்தியே திரும்பும். இலங்கையின் தேசிய உளநல உதவி இலக்கமான 1926 ஐ அழைக்கலாம். ஆனால் ஒரு காது திடீரென அடைத்துக் கேட்காமற் போனால், அதைச் சோர்வென்று எண்ணாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.