ஏட்டில் ஏறாத சிரிப்பு

அன்புள்ள ஐயா,

என் பாட்டி சென்ற மாதம் காலமானார். வயது 96. கடைசி வாரம் வரை கேலியும் கிண்டலுமாக இருந்தவர். பேரப்பிள்ளைகள் சேர்ந்து ஒரு சிறிய நினைவுப் புத்தகம் போடுகிறோம். எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வீட்டையே சிரிக்க வைத்த அவர் பேச்சை எழுதிப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. காதுக்குக் கருவி வாங்கித் தருகிறோம் என்றபோது, "இதுவரைக்கும் கேட்டதே போதும்" என்றார். அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வரவில்லை. சரி, வாழ்க்கையை வரிசையாக எழுதலாம் என்றால் விண்ணப்பப் படிவம் மாதிரி ஆகிவிடுகிறது. அவர் தலைமுறையில் இப்போது இருப்பது அவருடைய தம்பி மட்டும்தான். 88 வயது, நல்ல நினைவோடு இருக்கிறார். எப்படி எழுதுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டி சொன்னது நல்ல வரி. ஆனால் அதைச் சொன்னபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கருவி வாங்கித் தருகிறேன் என்றது யார்? பாட்டியிடம் நாற்பது வருடம் வாய்க்கு வாய் பேசிய மருமகளா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மகனா? ஆளுக்கு ஆள் அந்த வரியின் பொருள் மாறும். நீங்கள் அன்று சிரித்தது அந்த ஆளை எண்ணித்தான். எழுதும்போது ஆளை விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்து வந்துவிட்டீர்கள்.

ராபர்ட் ப்ரோவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் ஒரு வேலை செய்தார். மாணவர்களோடு சேர்ந்து, பொது இடங்களில் மனிதர்கள் பேசிச் சிரிப்பதை ஒட்டுக்கேட்டு 1,200 சிரிப்புகளைக் குறித்துக்கொண்டார். (பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அப்போதே தெரியாமல் போயிற்று.) அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்த சிரிப்பு 10 முதல் 20 சதவீதம்தான். மற்றதெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" போன்ற வெறும் பேச்சுக்கு வந்தவை. தனியே இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார். அறையில் இருந்தவர்களை எழுதாமல் உங்கள் பாட்டியின் சிரிப்பை எழுத முடியாது.

122 வயது வாழ்ந்த ஜான் கல்மான் என்ற பெண்மணியைப் பாருங்கள். பிரான்சின் ஆர்ல் நகரில் இருந்தவர், 1997இல் இறந்தார். 'சில பேரங்கள் சரியாக அமைவதில்லை' என்ற பொருளில் அவர் ஒருமுறை சொன்னதாகச் சொல்வார்கள். இதில் என்ன வேடிக்கை? அவருக்கு 90 வயதானபோது, 1965இல், ஒருவர் அவரோடு ஒப்பந்தம் போட்டார்: கிழவி உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பணம், அதன்பிறகு வீடு தனக்கு. பணம் கட்டியவர் 1995இல் இறந்துபோனார். அவர் மனைவி தொடர்ந்து கட்டினார். கல்மான் சுகமாக இருந்தார். இப்போது அந்த வரியை மறுபடி படியுங்கள்.

இன்னொன்று. நீங்கள் பிறந்தபோது பாட்டிக்கு அறுபது வயதாவது இருந்திருக்கும். முதல் அறுபது வருடம் உங்களுக்கு அவர் சொன்ன கதைதான். முதியவர்களைப் பழசைச் சொல்லச் சொன்னால் பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான காலமே அதிகம் வரும் என்பது நினைவை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. உங்கள் பாட்டியும் பள்ளிக்கூடம், கல்யாணம், முதல் பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பார். நாற்பதிலிருந்து அறுபது வரை? அங்கேதான் பெரிய பள்ளம். சொன்ன கதைகளும் சொல்லிச் சொல்லி மழமழவென்று ஆகியிருக்கும். 1932இலேயே பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதைக் காட்டினார்: ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் அது சுருங்குகிறது, சொல்பவருக்குப் பழக்கமில்லாத பகுதிகள் உதிர்கின்றன. பாட்டியின் கதையில் எங்காவது பொருந்தாத ஒரு விவரம் துருத்திக்கொண்டிருந்தால் அதைச் சீர்செய்துவிடாதீர்கள். இத்தனை தடவை சொல்லியும் உதிராமல் நின்றது அது.

என் பாட்டி 91 வரை இருந்தார். சீட்டாட்டத்தில் எங்கள் கண்ணெதிரிலேயே ஏமாற்றுவார். கேட்டால், "எனக்கு எங்கேடா கண்ணு தெரியுது" என்பார். கண்புரை அறுவை செய்து பார்வை பளிச்சென்று ஆனபிறகும் ஐந்து வருடம் அதையே சொன்னார். ஆனால் வீட்டில் யாராவது இரவு வரத் தாமதமானால் அந்தப் பேச்செல்லாம் அடங்கிவிடும். வாசலில் போய் நின்றுகொள்வார். உட்காரச் சொன்னால் காதில் விழாது. கேலி செய்தால் திரும்பிப் பார்க்கமாட்டார். அது வயதானவர்களின் பதற்றம் என்று நினைத்துக்கொண்டோம். அவர் போனபிறகுதான் மாமா சொன்னார்: தாத்தா இறந்த செய்தி, பாட்டி ராத்திரி முழுக்க அப்படி நின்றிருந்த ஒருநாள் விடியலில்தான் வந்தது. அப்போது பாட்டிக்கு 34 வயது. எங்களிடம் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சீட்டாட்டக் கதையை மட்டும் நான் எழுதியிருந்தால் ஒரு குறும்புக்காரக் கிழவி கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

உங்கள் பாட்டி எதற்குச் சிரிக்கமாட்டார் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் அந்தத் தம்பிக்குத் தெரியும். புத்தகம் ஒரு மாதம் தள்ளிப் போகட்டும், முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். தேதி, வருடம் கேட்டு மிரட்டாதீர்கள். "அக்கா உங்களை என்ன சொல்லிக் கேலி செய்வார்?" என்று தொடங்குங்கள். அவர் சிரித்து முடிக்கும்வரை அடுத்த கேள்வி கேட்காமல் இருங்கள்.