கத்திரி வெயிலில் ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் வேலூர், திருத்தணி, சித்தூர் பக்கத்து வாசகர்கள் பலரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: காலை ஒன்பது மணி ஆனதும் வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்தித் திரையை இழுத்துவிடுகிறார் என் மாமியார். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, "மூச்சு முட்டுகிறது பாட்டி" என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகிறான். மாடி வைத்த கான்கிரீட் வீடு. நாங்கள் தரைத்தளத்தில் இருக்கிறோம். யார் சொல்வது சரி?
— வாசகி, காட்பாடி

பகல் பொழுதைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. வெளியில் இருக்கும் காற்று வீட்டுக்குள் இருக்கும் காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை ஜன்னல் மூடியிருக்க வேண்டும். அது குளிர்ந்ததும் திறக்க வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் உங்கள் ஊரில் புதிதில்லை. இரவெல்லாம் சற்றே குளிர்ந்த செங்கல் சுவரும் தரையும் காலையில் வீட்டுக்குள் ஓரளவு குளிர்ச்சியைத் தக்கவைத்திருக்கும். பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால், உள்ளே நுழையும் அனல் காற்று முதலில் அந்தச் சுவரையும் தரையையும்தான் சூடேற்றும். அப்படி ஏறிய சூடு இரவு உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பிறகே இறங்கும்.

உங்கள் மகன் சொல்வதிலும் பொய் இல்லை. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. அதைவிடச் சூடான காற்று மேலே பட்டால் உடலுக்குள் வெப்பம் ஏறத்தான் செய்யும் என்றாலும், உங்கள் பகுதியின் உலர்ந்த காற்று வியர்வையைச் சட்டென்று உலர்த்திவிடுவதால் அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுகத்தை மின்விசிறியும் தரும். அதற்காக வெளிக்காற்றை உள்ளே அழைக்க வேண்டியதில்லை. மூச்சு முட்டுவதற்குக் காரணம், பலர் கூடியிருக்கும் அறையில் காற்று மாறாமல் இருப்பது. நிழல் விழும் பக்கத்தில் ஒரு ஜன்னலை நான்கு விரல் அளவுக்குத் திறந்து வைத்தாலே அது தீர்ந்துவிடும். சமையலறைக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அடுப்பு எரியும்போது அதன் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். வீட்டுக்குள் போகும் கதவை அப்போது சாத்திவையுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பகலில் மூடிவைப்பதன் பலன் முழுவதும் முந்தைய இரவில் திறந்துவைத்ததைப் பொறுத்தே கிடைக்கும். இரவிலும் பூட்டியே கிடக்கும் வீட்டில் முதல் நாள் சூட்டோடு இரண்டாம் நாள் சூடும் சேரும். மூன்றாம் நாள் பகலில் நீங்கள் எதை மூடினாலும் பயன் இருக்காது. மாலை வெளிக்காற்று குளிரத் தொடங்கியதும், பெரும்பாலும் ஆறரை, ஏழு மணிக்கு மேல், எதிரெதிர்ப் பக்க ஜன்னல்களையும் மாடிப்படிக் கதவையும் சேர்த்துத் திறந்துவிடுங்கள். சூடான காற்று மேலே ஏறி மாடிப்படி வழியாக வெளியேற, கீழ் ஜன்னல்கள் வழியாகக் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். சரியான நேரம் எது என்று பாட்டியும் பேரனும் வாதாட வேண்டாம். சாதாரண வெப்பமானிகள் இரண்டு வாங்கி, ஒன்றைக் கூடத்திலும் மற்றதை வெளியே வெயில் படாத இடத்திலும் தொங்கவிட்டால் அவையே சொல்லிவிடும்.

கேள்வி: வடக்குப் பார்த்த ஜன்னல் எப்போதும் குளிர்ச்சி என்று சொல்லி வீடு கட்டிக் கொடுத்தார்கள். மே மாதம் வடக்கு அறையிலும் வெயில் விழுகிறதே, ஏன்?
— வாசகர், புத்தூர்

சொன்னவர் டிசம்பர் மாதத்தை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். உங்கள் ஊர் வட அட்சரேகை 13 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்து, அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சற்று வடக்கே சாய்ந்தே நிற்கும். எனவே கத்திரி வெயில் முழுவதும் வடக்குச் சுவரில் வெயில் படும், தெற்குச் சுவர் நிழலில் இருக்கும். காலை வெயில் வடகிழக்கிலிருந்தும் மாலை வெயில் வடமேற்கிலிருந்தும் தாழ்வாக வருவதால் ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடு அதைத் தடுக்காது. பகலில் சிறிதளவு திறந்து வைக்க உங்களுக்கு ஏற்றது தெற்கு ஜன்னல்தான்.

மேற்கு ஜன்னல் எல்லாவற்றையும்விட மோசம், மூன்று மணிக்கு மேல் அது உலை வாய். அங்கே உள்பக்கம் எவ்வளவு தடித்த திரை போட்டாலும் அரைப் பயன்தான் கிடைக்கும். கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விட்டுவிடும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். மூங்கில் தட்டியோ, தென்னங்கீற்றோ, நாற்றங்கால்களில் கட்டும் பச்சை நிழல் வலையோ, எதை வேண்டுமானாலும் வெளிப்பக்கம் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய வீடுகளின் மரக்கதவு ஜன்னல் இந்த வேலையைச் செலவில்லாமல் செய்துவந்தது. சாத்தினால் வெயில் வராது, திறந்தால் முழு ஜன்னலும் திறக்கும். இப்போது எல்லோரும் விரும்பிப் போடும் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் சாத்தினாலும் வெயில் உள்ளே வருகிறது. திறந்தாலும் பாதி அளவுதான் திறக்கிறது. புது வீடு கட்டுகிறவர்கள் இதையாவது யோசிக்கலாம்.

கேள்வி: நாங்கள் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு. வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். காற்று வந்தால் தூள் பறக்கிறது, இலை காய்ந்துபோகிறது என்று ஜன்னலையும் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கிறது. உச்சிப் பொழுதில் தலை சுற்றுகிறது. என்ன செய்வது?
— வாசகி, குடியாத்தம்

அம்மா, மேலே காட்பாடி வாசகிக்குச் சொன்ன பதில் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அதைப் படித்துவிட்டு ஜன்னலைச் சாத்திவிட வேண்டாம். கான்கிரீட்டும் கனமான சுவரும் சூட்டைத் தாமதப்படுத்தும். ஷீட்டுக்கு அந்தக் கனம் கிடையாது. வெயில் ஏறியவுடன் அதுவும் கொதிக்கும், பொழுது சாய்ந்தவுடன் ஆறிவிடும். பகல் பதினொரு மணிக்கெல்லாம் உங்கள் வீட்டுக்குள் வெளி நிழலைவிட அதிகச் சூடு இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஜன்னலை மூடினால் சூடு உள்ளேயே அடைபடும். அதோடு புகையிலைத் தூள் மிதக்கும் அறையை மூடிவைப்பது நுரையீரலுக்கும் கேடு.

முறத்தின் மேல் காற்று படாமல், தலைக்கு மேலே காற்று ஓடும்படி செய்ய வேண்டும். சுவரும் கூரையும் சேரும் உயரத்தில் இரு பக்கமும் திறப்பு இருந்தால் கூரையடியில் தேங்கும் அனல் வெளியே போகும், கீழே தூள் அவ்வளவாகப் பறக்காது. திறப்பு இல்லையென்றால் ஒரு பக்கம் மேலே சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தி, எதிர்ப்பக்க ஜன்னலின் மேல் பாதியை மட்டும் திறந்து வையுங்கள். ஜன்னலுக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டி வைத்துக்கொள்ளலாம். இலையை ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டால் உலர்வது குறையும். ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், அதற்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுக் கீற்றுப் பந்தல் போடுவதும் ஜன்னலைவிட அதிகப் பலன் தரும். ஷீட்டின் மீது நேராக ஏறி நிற்க வேண்டாம், உடைந்துவிடும். பலகை போட்டு, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வேலையை நிறுத்திவிட்டு, அந்தக் கணக்கை அதிகாலையில் சுற்றி ஈடுகட்ட முடியுமா என்று பாருங்கள். கூலி வேலையில் இது எளிதில்லை என்று தெரியும். ஆனால் தலை சுற்றுவது உடல் தரும் எச்சரிக்கை, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: புதிதாக ஏர் கூலர் வாங்கினோம். முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கிறது, பிறகு உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது. ஜன்னல், கதவு எல்லாம் மூடித்தான் வைத்திருக்கிறோம்.
— வாசகர், நகரி

மூடி வைத்திருப்பதுதான் கோளாறு. ஏ.சி. அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விப்பது. அதற்கு எல்லாம் மூடியிருக்க வேண்டும். கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது. அந்த ஈரம் வெளியேற வழி வேண்டும். கூலரை ஒரு ஜன்னலின் வெளிப்பக்கமாகவோ ஜன்னலை ஒட்டியோ வைத்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். உங்கள் ஊரின் வறண்ட பகலில் கூலர் நன்றாகவே வேலை செய்யும். ஈரக்காற்று வீசும் நாளிலும், மழை பெய்து புழுங்கும் மாலையிலும் தண்ணீர் பம்ப்பை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக ஓட்டலாம். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

கேள்வி: மாடி வீட்டில் குடியிருக்கிறோம். நீங்கள் சொல்வது போல் மாலையில் எல்லா ஜன்னலையும் திறந்துதான் வைக்கிறோம். வெளியில் காற்று வீசுகிறது. ஆனாலும் இரவு பத்து மணிக்குக் கட்டிலில் படுத்தால் மேலிருந்து யாரோ நெருப்பைக் காட்டுவது போல் இருக்கிறது.
— வாசகர், சித்தூர்

உங்கள் கட்டிலுக்கு நேர் மேலே இருக்கும் தளம்தான் அந்த நெருப்பு. நண்பகல் வெயிலில் கான்கிரீட் தளத்தின் மேல்புறம் வாங்கிய சூடு, அதன் கனத்தைக் கடந்து உள்பக்கத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் வெளியே காற்று குளிரும் நேரத்தில்தான் உங்கள் உட்கூரை மிகச் சூடாக இருக்கிறது. அது காற்றின் வழியாக வருவதல்ல, நேராகக் கதிராக உங்கள் மேல் இறங்குவது. ஜன்னலால் அதை நிறுத்த முடியாது. ஜன்னல் திறந்திருப்பதால் அறைக்காற்று ஆறும், தளம் கொஞ்சம் விரைவாகச் சூட்டை விடும், அவ்வளவே.

மொட்டை மாடியைக் கவனித்தால்தான் விடிவு. நல்ல சுண்ணாம்பைக் கரைத்து, பிடிப்புக்குப் பசை சேர்த்து இரண்டு பூச்சு அடிப்பதுதான் மலிவானது. மழையில் கரையும், ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயிண்டும் வெள்ளை ஓடும் செலவு கூடுதல், ஆனால் பல ஆண்டு நிற்கும். தெலங்கானா அரசு இப்படிப்பட்ட கூரைகளைப் பரப்புவதற்கென்றே 2023-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் ஒப்பாவிட்டால் படுக்கும் அறைக்கு மேல் மட்டுமாவது கீற்றுப் பந்தல் போட அனுமதி வாங்குங்கள். பொழுது சாய்ந்ததும் மாடியில் தண்ணீர் தெளிப்பது நிச்சயம் பலன் தரும், ஆனால் மே மாதத்தில் குடிக்கவே லாரியை எதிர்பார்க்கும் தெருக்களில் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். துணி துவைத்து அலசிய தண்ணீர் மீந்தால் தெளியுங்கள்.

கேள்வி: வேலூரிலிருந்து பலமநேருக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். இங்கும் அதே வழக்கம்தானா?
— வாசகி, பலமநேர்

அதே வழக்கம்தான், ஆனால் பலன் உங்களுக்கு அதிகம். மலையேறி மேட்டு நிலத்துக்கு வந்துவிட்டீர்கள். வேலூரைவிட நானூறு மீட்டருக்கு மேல் உயரம். இரவு அங்கே நன்றாகக் குளிர்வதால், திறந்து வைத்த வீடு விடியற்காலைக்குள் முழுக்க ஆறிவிடும். காலை எட்டரைக்கெல்லாம் சாத்திவிடுங்கள்.

கேள்வி: தரைத்தளத்தில் வீடு. இரவில் ஜன்னலைத் திறந்தால் கொசு. திருட்டுப் பயம் வேறு. திறக்காமல் எப்படிச் சமாளிப்பது?
— வாசகர், அரக்கோணம்

திறக்காமல் சமாளிக்க வழியில்லை, பாதுகாப்பாகத் திறக்கத்தான் வழி உண்டு. கம்பி போட்ட ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். வலை காற்றைக் கணிசமாகத் தடுக்கும் என்பதால், ஒரு ஜன்னலுக்குப் பதில் இரண்டைத் திறக்க வேண்டியிருக்கும். தூசு படிந்த வலை கிட்டத்தட்ட சுவர் மாதிரிதான். மாதம் ஒருமுறை கழுவுங்கள். பொழுது மங்கும் நேரத்தில் கொசு மொய்க்கும் என்று ஏழு மணி வரை காத்திருந்து திறப்பவர்கள் உண்டு, அதில் பெரிய நட்டம் இல்லை. ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் சாவி, செல்போன், பணப்பை எதுவும் இருக்கக் கூடாது. அதுவும் பயமாக இருந்தால் மேலே உள்ள வெண்டிலேட்டர்களைத் திறந்துவிட்டு, விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து எல்லா ஜன்னலையும் திறந்து ஏழரை வரை வையுங்கள். நாளின் மிகக் குளிர்ந்த காற்று அப்போதுதான் கிடைக்கும்.

கேள்வி: என் தந்தைக்கு எழுபத்தெட்டு வயது. திருத்தணியில் தனியாக இருக்கிறார். ஜன்னலைப் பகலில் மூடு என்றால் மூடிவிட்டு, ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொள்கிறார். இது போதுமா? நான் சென்னையில் இருக்கிறேன்.
— வாசகர், சென்னை

பெரும்பாலான நாள்களில் போதும். ஆனால் மூடிய அறையே 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் போதாது. அந்த அளவுக்கு மேல் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. முதியவர்களுக்கு வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் குறைவு; சூடு தெரியவில்லை என்று அவர் சொல்வதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். அவர் அறையிலும் ஒரு வெப்பமானி வைத்து, பகல் இரண்டு மணிக்குத் தொலைபேசியில் அதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எண் 38-ஐத் தாண்டினால் ஈரத்துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டின் கீழ்த்தளத்துக்கோ நிழலான திண்ணைக்கோ பக்கத்து வீட்டு ஏ.சி. அறைக்கோ மாறிக்கொள்ளட்டும். நீர் மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ சாப்பிடுகிறவராக இருந்தால், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

வெப்ப அலை எச்சரிக்கை வரும் நாள்களில் பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும் வீட்டில் ஒருவர் விழுந்து கிடப்பது தெருவுக்குத் தெரியாது. பேச்சுக் குழறினாலோ, இடம் காலம் தெரியாமல் பேசினாலோ, உடம்பு கொதித்து மயங்கினாலோ உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை உடலை நனைத்து விசிறலாம். அந்த நேரத்தில் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிடலாம். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.