வெயிலையும் வினையூக்கியையும் (தான் தீராமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்) வைத்துத் தண்ணீரில் கலந்த மருந்தை நீக்க முடியுமா? நொய்யல் ஆற்றுக்கு இது சரிப்படுமா?

மருந்து உடையும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஓடுகிற ஆற்றில் இதைச் செய்ய முடியாது, ஆற்றுக்கு வருவதற்கு முன்னாலேயே, ஆஸ்பத்திரிக் கழிவுநீர் வெளியேறுகிற இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. கோவையில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தபோது என் புராஜெக்ட் இதுதான், இப்போது திருப்பூர் பக்கம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் லேபில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடம்பில் கரைந்து தீர்வதில்லை. ஒரு பங்கு சிறுநீரில் வெளியேறி சாக்கடைக்குப் போகிறது. சுத்திகரிப்பு நிலையத்து பாக்டீரியா பாராசிட்டமாலைப் பெரும்பாலும் தின்றுவிடும், ஆனால் வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசிபைனைக் கிட்டத்தட்டத் தொடவே தொடாது, அது உள்ளே வந்தபடியே வெளியே போகும். ஆன்டிபயாடிக் இன்னும் மோசம், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இருந்தாலே கிருமிகள் அதற்குப் பழகிவிடும். ஐதராபாத் பக்கம் படான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்தம் செய்து வெளியே விட்ட தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007இல் ஆய்வு வந்தது. அந்த மாத்திரை சாப்பிட்டவர் ரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம்.

சரி, வினையூக்கி என்ன செய்கிறது? வெள்ளை பெயின்டில் போடுகிற அதே டைட்டானியம் டையாக்சைடுதான். அதன் மேல் புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே இருக்கும் எலக்ட்ரான் எகிறி, அந்த இடத்தில் ஒரு காலிக் குழி உண்டாகும். அந்தக் குழி தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதனோடும் உடனே வினைபுரியும் துணுக்கை உருவாக்கும். கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாங்காத பொருள், ஆனால் அதற்குள் எதிரில் கிட்டத்தட்ட எந்தக் கரிமப் பொருள் (கார்பன் உள்ள மருந்து, அழுக்கு மாதிரி) இருந்தாலும் பிய்த்துவிடும். 1972இல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருளை வைத்து ஒளியால் தண்ணீரைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் இந்தத் துறையே சூடு பிடித்தது. சிக்கல் என்னவென்றால் இதற்கு அலைநீளம் சுமார் 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி, அதாவது புற ஊதாக் கதிர் வேண்டும், நம்ம ஊர் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் அதில் அந்தப் பங்கு நூற்றுக்கு நாலைந்துதான். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்கிற கார்பன் நைட்ரைடு, பிஸ்மத் வனடேட் என்று ஆராய்ச்சி போய்க்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் படித்தால் கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் ஓரமாகப் போய்விடும் விஷயம் தண்ணீர். பெரும்பாலானவர்கள் காய்ச்சி வடித்த தண்ணீரில் மருந்தைக் கரைத்துத்தான் சோதனை செய்கிறார்கள். நானும் முதலில் அதில் கார்பமசிபைனைக் கரைத்து, டைட்டானியம் டையாக்சைடு தூளைப் போட்டுக் கலக்கி, புற ஊதா விளக்கடியில் வைத்தேன். பால் போல வெள்ளையாக இருக்கும், மறுநாள் வரை அடங்காது, மருந்து மளமளவென்று குறையும். அப்புறம் அதே சோதனையை ஹாஸ்டல் போர் உப்புத் தண்ணியில் செய்தபோது, தூள் கட்டிகட்டியாகத் திரண்டு அடியில் உட்கார்ந்தது, மருந்து குறைவது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கொங்கு நாட்டுப் போர் தண்ணியில் பைகார்பனேட் என்ற உப்புக்குப் பஞ்சமே இல்லை, அது மருந்துக்கு முன்னால் முந்திக்கொண்டு அந்த ராடிக்கலைப் பிடித்துத் தின்றுவிடும். சாக்கடைத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம், அழுக்கு ஒளியையும் மறைக்கும். நொய்யலில் இதைப் போட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான், போட்ட தூளைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பது தனி.

இன்னொன்று, திருப்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். சாயத் தண்ணீரில் நிறம் போனால் சாயம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. மருந்தும் அப்படித்தான், மூலக்கூறு உடைந்தால் துண்டுகள் மிஞ்சும். கார்பமசிபைன் உடையும்போது அக்ரிடின் என்ற நச்சுப் பொருள் வருகிறது, ஒளியை நீண்ட நேரம் கொடுத்தால்தான் அதுவும் உடையும். அதனால் மருந்து எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை மட்டும் பார்த்து யாரும் சந்தோஷப்படக் கூடாது. மொத்தக் கரிமக் கார்பன், அதாவது மருந்திலும் அதன் துண்டுகளிலும் சேர்த்து மிஞ்சியிருக்கும் கார்பன், எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஊர்ச் சாக்கடை முழுவதற்கும் இப்போதைக்கு மருந்தை உடைக்கும் ஓசோன் வாயுவும், அதை உறிஞ்சிப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரியும்தான் சரி. சுவிட்சர்லாந்து 2016இலிருந்து சட்டம் போட்டுப் பெரிய நிலையங்களில் இதைத்தான் வைத்து வருகிறது. ஒளி வினையூக்கிக்கு உரிய இடம் ஆஸ்பத்திரி, மருந்து ஆலை மாதிரி மருந்து செறிவாக வரும் இடங்கள். அங்கேயும் பாக்டீரியா தன் வேலையை முடித்து, வடிகட்டிய பிறகு, கடைசிக் கட்டமாக வைக்க வேண்டும். தூளாகப் போடாமல் கண்ணாடி மேல் பூச்சாக ஒட்டி, தண்ணீரை மெல்லிய படலமாக அதன் மேல் ஓடவிட்டு, 365 நானோமீட்டர் புற ஊதா எல்இடி விளக்கைப் போட்டால் ராத்திரியும் ஓடும். கரண்ட் செலவு உண்டுதான், ஆனாலும் ஒரு ஆஸ்பத்திரியின் அளவுக்கு இது முடியாத காரியமே இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

யாராவது உங்களிடம் இப்படி ஒரு கருவியை விற்க வந்தால், உங்கள் கழிவுநீரையே கேனில் பிடித்துக் கொடுத்து அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கார்பன் அளவு எவ்வளவு இறங்கியது, பூச்சு எத்தனை மாதம் தாங்கும், அது உரிந்து வெளியே வருகிறதா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு அப்புறம் விலை பேசுங்கள்.