பயிற்சியில் விழும் பந்து ஆட்டத்தில் ஏன் விழவில்லை?

கேள்வி: எனக்கு வீடு கொழிஞ்சாம்பாறை. கோவையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேலந்தாவளம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். கல்லூரி கூடைப்பந்து அணியில் இருக்கிறேன், உயரம் 163 செ.மீ. வாரத்தில் மூன்று நாள்தான் கல்லூரியில் பயிற்சி. மற்ற நாட்களில் மாலையில் எங்கள் ஊர் பள்ளி மைதானத்து சிமென்ட் கோர்ட்டில், அண்ணன்மாரின் பந்தை வாங்கி 200 ஷாட் போடுகிறேன். பத்துக்கு ஏழு விழுகிறது. ஆட்டத்தில் பத்துக்கு மூன்றுகூட விழுவதில்லை. ஆரம்பத்தில் போடுவது ரிங்கின் பின்பக்கம் இடித்து வெளியே வருகிறது, கடைசியில் போடுவது முன்பக்கம் இடிக்கிறது. கோச் ஐந்து, ஆறு நிமிடம் இறக்கிவிட்டு வெளியே எடுத்துவிடுகிறார். உயரம்தான் காரணமா? இன்னும் அதிகமாக ஷாட் போட்டால் சரியாகுமா? (ஒரு வாசகி)

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உயரம் காரணமில்லை. 200-ஐ 400 ஆக்கினாலும் இது சரியாகாது. உங்கள் பந்து எங்கே இடிக்கிறது என்று குறித்து வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது. இடமோ வலமோ விலகினால் கையில் கோளாறு. பெரும்பாலும் பிடிமானத்துக்கு வைத்திருக்கும் இடது கையின் கட்டைவிரல் கடைசி நொடியில் பந்தைத் தள்ளிவிடும். உங்கள் பந்து நேராகத்தான் போகிறது. தூரம்தான் தவறுகிறது.

முதல் சந்தேகம் அண்ணன்மாரின் பந்து மேல். ஆண்கள் ஆடுவது 7-ம் எண் பந்து, சுற்றளவு 75 முதல் 77 செ.மீ. பெண்கள் ஆட்டத்தில் தருவது 6-ம் எண், சுற்றளவு 73 செ.மீ.க்குள் அடங்கும், எடையும் குறைவு. வாரம் நான்கு நாள் கனமான பந்தைத் தள்ளிப் பழகிய கை, ஆட்டத்தில் லேசான பந்தையும் அதே வேகத்தில் தள்ளுகிறது. அதனால்தான் ஆரம்ப ஷாட்டுகள் பின்பக்கம் இடிக்கின்றன. ஆட்டம் முடியும் நேரத்தில் கால் சோர்ந்து, முழங்கால் மடங்குவது குறைந்து, பந்து முன்னாலேயே விழுகிறது. கனமான பந்தில் பழகினால் பலம் கூடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிளுக்கு வேண்டுமானால் அது பொருந்தும், ஷாட்டுக்குப் பொருந்தாது. வேறு எதற்கும் முன்னால் ஒரு 6-ம் எண் ரப்பர் பந்து வாங்குங்கள். சிமென்ட் தரையில் தோல் பந்து சீக்கிரம் வழவழப்பாகிவிடும்.

இரண்டாவது சந்தேகம் காற்றின் மேல். பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் மாலை நேரத் திறந்தவெளி கோர்ட் எப்படியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். உயரமாகப் போட்டால் காற்று பந்தைத் திருப்பும். அதனால் கை தானாகவே தாழ்வாக, விறைப்பாகப் போடப் பழகிக்கொள்ளும். உள்ளரங்கத்தில் காற்று இல்லை, ஆனால் பழக்கம் கூடவே வந்துவிடும்.

தாழ்வாகப் போடுவதில் என்ன நஷ்டம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ., 6-ம் எண் பந்தின் விட்டம் 23 செ.மீ. செங்குத்தாக மேலிருந்து இறங்கும் பந்துக்கு 45 செ.மீ. வாசல் முழுவதும் திறந்திருக்கும். 45 டிகிரியில் சரிந்து வந்தால் வாசல் 32 செ.மீ., 30 டிகிரியில் வந்தால் 22.5 செ.மீ. பந்தைவிட வாசல் சிறிது! ரிங்கில் படாமல் உள்ளே போகவே முடியாது. உங்கள் உயரத்தில் ஒருவர் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) கோட்டிலிருந்து 48 டிகிரியில் பந்தை விட்டால் அது ரிங்குக்கு வந்து சேரும்போது 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதே இடத்திலிருந்து 55 டிகிரியில் விட்டால் 41 டிகிரியில் இறங்கும், வாசல் ஏறக்குறைய 30 செ.மீ. ஆகிவிடும்.

டிகிரி அளக்கக் கருவி தேவையில்லை. தோழி ஒருத்தியைப் பக்கவாட்டில் தள்ளி நின்று போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பந்தின் உச்சி ரிங்குக்கு மேலே 40 செ.மீ. அளவில் நின்றுவிட்டால் தாழ்வு. 70 செ.மீ. வரை, அதாவது போர்டின் மேல் விளிம்பை எட்டிவிடும் போல ஏற வேண்டும். அதற்குத் தோளை இறுக்கக் கூடாது. முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்குங்கள், பந்தை விட்டபின் முழங்கை கண் மட்டத்துக்கு மேல் நிற்கட்டும். தினமும் முதலில் ரிங்கிலிருந்து ஒன்றரை மீட்டரில் நின்று, இடது கையை எடுத்துவிட்டு, ஒற்றைக் கையால் 20 ஷாட். சலிப்பாகத்தான் இருக்கும், விடாதீர்கள். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் ஷாட் பயிற்சியை வைத்துக்கொண்டு, மாலையில் டிரிபிள், லே-அப் (ஓடிவந்து ரிங்குக்கு அருகில் எழும்பிப் போடுவது), டிஃபென்ஸ் நடை என்று மாற்றிவிடுங்கள். மழையில் நனைந்த சிமென்ட் கோர்ட்டில் மட்டும் எதுவும் வேண்டாம்.

இனி அந்த 200 ஷாட். நீங்களே போட்டு, நீங்களே ஓடி எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாக மறுபடி போடுவதுதானே? ஆட்டத்தில் பாஸ் கைக்கு வந்து ஒரு வினாடிக்குள் பந்து கையைவிட்டுப் போயாக வேண்டும், எதிரில் ஒரு கை நீண்டிருக்கும். எனவே எண்ணிக்கையைப் பாதியாக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஓட்டத்திலிருந்து போடுங்கள். பாஸ் கொடுக்க ஆள் இல்லையென்றால் பந்தைப் பின்சுழற்சியோடு முன்னால் எறிந்து, அது எழும்பி வரும்போது ஓடிப் பிடித்து, இரண்டு காலும் ஒன்றாக ஊன்றி நின்று உடனே போடலாம். ஐந்து இடங்கள், இடத்துக்கு எட்டு. அடுத்து இடது கை லே-அப் 20, வலது கை 20, முழு வேகத்தில். கல்லூரிப் பெண்கள் ஆட்டங்களில் தோற்ற அணியின் தவறவிட்ட லே-அப்புகளை எண்ணிப் பாருங்கள், தோல்வியின் வித்தியாசம் பலமுறை அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஃப்ரீ த்ரோவை ஒரே மூச்சில் இருபது போடாதீர்கள். ஆட்டத்தில் கிடைப்பது இரண்டு இரண்டாகத்தான், அதுவும் ஓடிக் களைத்தபின். கோர்ட்டின் 28 மீட்டர் நீளத்தை இருமுறை ஓடிவந்து இரண்டு, மறுபடி ஓடிவந்து இரண்டு. இப்படி 20. விழுந்ததை நோட்டில் எழுதுங்கள். ஆரம்பத்தில் பத்துக்கு ஏழு என்பது ஐந்தாக இறங்கும். அந்த ஐந்துதான் உங்கள் உண்மையான கணக்கு.

இதையெல்லாம் செய்தாலும் கோச் உங்களை நிறுத்திவைப்பது ஷாட்டுக்காக மட்டும் இருக்காது. அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். பத்து நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள் கொண்ட ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறக்குறைய 70 முதல் 80 முறை பந்து கைக்கு வரும். அதில் ஒருமுறை பந்தைத் தொலைப்பது ஒரு ஷாட்டைத் தவறவிடுவதைவிட மோசம். தவறிய ஷாட்டை ரீபவுண்டில், அதாவது தெறித்து வரும் பந்தைப் பிடித்து, மீட்கலாம். நடுக்கோர்ட்டில் பறிகொடுத்த பந்து எதிரணிக்கு ஆளில்லா லே-அப். அமெரிக்கப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் வெற்றியை நூற்றுக்கு இத்தனை என்று நான்கு பங்காகப் பிரித்தார்: ஷாட் போடும் திறனுக்கு 40, பந்தைத் தொலைக்காமல் இருப்பதற்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15. தொழில்முறை ஆட்டக் கணக்கிலிருந்து வந்த எண்கள் இவை. பந்து அதிகம் தொலையும் நம் கல்லூரி ஆட்டங்களில் அந்த 25 இன்னும் மேலே ஏறும் என்பது எங்கள் கருத்து.

163 செ.மீ. உயரத்தில் உங்கள் இடம் கார்டு, அதாவது பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆள். கார்டு கோர்ட்டில் நிலைப்பதும் பெஞ்சுக்குத் திரும்புவதும் பிரஸ்ஸை (எதிரணி முன்னேறி வந்து நெருக்குவதை) உடைக்கும் திறமையைப் பொறுத்துத்தான். 8 வினாடிக்குள் பந்து பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும், எதிரணி இருவராக வந்து மூடும். அனுபவம் குறைந்த கார்டு பக்கக் கோட்டை ஒட்டி ஓடுவாள். அங்கே கோடே எதிரணியின் மூன்றாவது ஆள். பாதிக் கோட்டைத் தாண்டியதும் இருக்கும் மூலையில் நின்றால் இன்னும் மோசம், பின்னால் திரும்பவும் முடியாது. முதல் டிரிபிளை நடுவை நோக்கிப் போடுங்கள். இரண்டாவது ஆள் நெருங்குமுன், மூன்றடி தூரத்தில் இருக்கும்போதே, பாஸ் போய்விட வேண்டும். கையைத் தொடும் தூரத்துக்கு அவள் வந்தபின் கொடுக்கும் பாஸ் அவள் கையில்தான் போய் விழும். இதற்குப் பயிற்சி எளிது: இரண்டு தோழிகள் துரத்த, டிரிபிள் நிற்காமல், தலை நிமிர்ந்தபடி பாதிக் கோர்ட்டைக் கடப்பது, இடது கையால் மட்டும். தொடர்ந்து பத்து முறை பறிகொடுக்காமல் கடந்தபின் வலது கையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

டிஃபென்ஸில் கோச் கண்ணில் முதலில் படுவது, ஷாட் போடப்போகும் ஆளை நீங்கள் நெருங்கும் விதம். முழு வேகத்தில் பாய்ந்தால் அவள் ஒரு டிரிபிளில் கடந்துவிடுவாள். மூன்றில் இரண்டு பங்கு தூரம் வேகமாக, மிச்சத்தில் சின்னச் சின்ன அடிகள், ஒரு கை மேலே, இடுப்பு தாழ்வாக. ரீபவுண்டில் பந்தைப் பார்க்குமுன் ஆளைத் தேடுங்கள். முன்கையால் தொட்டு, திரும்பி, முதுகால் அடைத்து, அதன்பிறகு பந்து. பக்கவாட்டிலிருந்து போட்ட ஷாட் தவறினால் பெரும்பாலும் மறுபக்கம்தான் விழும். உயரமானவர்கள் ரிங்குக்கு அடியில் முட்டிக்கொள்ளும்போது, நீளமாகத் தெறிக்கும் பந்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிற்கும் குட்டைக் கார்டுக்கு வருவதுண்டு.

பேச்சும் ஒரு திறமை. உங்கள் அணியில் தமிழ் பேசுபவர்களும் மலையாளம் பேசுபவர்களும் இருப்பார்கள். ஸ்கிரீன் (எதிரணி ஆள் குறுக்கே நின்று உங்கள் வழியை மறிப்பது) வருகிறது, ஆள் மாற்று, உதவி நான் இருக்கிறேன் என்ற மூன்றுக்கும் ஒரே அசையில் முடியும் அழைப்புகளை எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்து, பயிற்சியிலும் அதையே கத்துங்கள். ஸ்கிரீன் வந்து முட்டியபின் சொல்வது உதவாது, வருமுன் சொல்ல வேண்டும்.

அந்த ஐந்து நிமிடத்தில் இறங்கியதும் உடனே ஒரு பாயிண்ட் எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்ற துடிப்புதான் பலரை வெளியே உட்காரவைக்கிறது. முதல் பந்தை எளிய பாஸாகக் கொடுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் உங்கள் ஆள் லே-அப் போடாமல், பந்து உங்களால் தொலையாமல் இருந்தாலே கோச் அடுத்த மாற்றத்தில் வெளியே எடுக்க வேறு யாரையாவது பார்ப்பார். பெஞ்சில் இருக்கும் தோழியிடம் ஒரு தாள் கொடுத்து, நீங்கள் கோர்ட்டில் இருந்த நேரத்தில் போட்ட ஷாட், தொலைத்த பந்து, கை பட்டுத் திசைமாறிய எதிரணிப் பாஸ், இரு அணியும் எடுத்த பாயிண்ட் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். ஓர் ஆட்டத்தின் கூட்டல் கழித்தலை வைத்து முடிவுக்கு வராதீர்கள், கூட ஆடிய நால்வரின் கணக்கும் அதில் கலந்திருக்கும். ஏழெட்டு ஆட்டங்கள் சேர்ந்தால் ஒரு போக்கு தெரியும். ஷாட்டை மதிப்பிடும்போது பத்துக்கு எத்தனை என்று மட்டும் பார்க்காதீர்கள். பத்துக்கு நான்கு இரண்டு பாயிண்ட் ஷாட் என்றால் 8, பத்துக்கு மூன்று த்ரீ பாயிண்ட் என்றால் 9. ஆனால் 6.75 மீட்டர் கோட்டிலிருந்து உங்கள் வளைவு தாழாமல் போகும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

யூடியூபில் பார்க்கும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை அப்படியே பிரதியெடுக்காதீர்கள். அங்கே ஷாட் போட 30 வினாடி, இங்கே 24. கோவையில் மகளிருக்கான சி.ஆர்.ஐ. கோப்பை அகில இந்தியப் போட்டி நடக்கும்போது நேரில் போய்ப் பாருங்கள். கேரள மின்வாரிய மகளிர் அணி அங்கே ஆடியிருக்கிறது. பந்தை விட்டுவிட்டு, பந்து கையில் இல்லாத கார்டை மட்டும் ஒரு கால்பகுதி முழுவதும் கவனியுங்கள்.

உடம்பு விஷயத்தில் இரண்டு. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்குகிறதா என்று அதே வீடியோவில் முன்பக்கமிருந்து பாருங்கள். முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் யாரும் மோதாமல், தனியாக இறங்கும்போதே நடக்கும். வாரம் இரண்டு நாள் ஒற்றைக்கால் ஸ்குவாட், பக்கவாட்டு நடை, குதித்து இறங்கி மூன்று வினாடி அசையாமல் நிற்பது. இதற்கு 15 நிமிடம் போதும். அடுத்தது, மூன்றாவது கால்பகுதியிலேயே கால் கனத்துப்போனால் ஹீமோகுளோபின் சோதனை செய்துகொள்ளுங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், ஓட்டப் பயிற்சியைக் கூட்டாதீர்கள். காலை பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு போகாமல் புட்டும் கடலையும் சாப்பிடுங்கள், மாலைப் பயிற்சிக்கு முன் ஒரு நேந்திரம் பழம்.

பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் கண்ணில் பட்டால்தான் பல்கலைக்கழக அணிக்கும், அதன்வழி தென்மண்டலப் போட்டிக்கும் வழி. அதற்குமுன் ஒருநாள், பயிற்சி முடிந்து கோச் தனியாக இருக்கும்போது, “எனக்கு ஏன் வாய்ப்பில்லை” என்று கேட்காமல், “சார், என்னை வெளியே எடுக்கும்போது எதைப் பார்த்து எடுக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் விஷயம் மேலே எழுதியதில் எதற்கு நெருக்கமோ, பயிற்சியில் அதை முதலில் வையுங்கள்.