சிங்க்கையும் எஃப்எம்மையும் எப்படி சேர்த்து யூஸ் பண்றது?

சிந்தசைசர்ல சிங்க்னா என்ன, எஃப்எம்மோட (ஃப்ரீக்வென்சி மாடுலேஷன்) ஏன் சேர்க்கணும்னு கேட்டிருந்தீங்க. 1978ல வந்த ப்ராஃபெட்-5ங்கிற அனலாக் சிந்தசைசரை வச்சே சொல்றேன், ரெண்டுமே அதுல அவ்ளோ அழகா இருக்கும்.

அதுல ஒலி அலையை உண்டாக்குற ஆசிலேட்டர் ரெண்டு, ஏ, பின்னு. சிங்க் ஆன் பண்ணா, ஆசிலேட்டர் பி ஒவ்வொரு சுத்து முடிக்கும்போதும் ஏ-யை பாதியிலயே வெட்டி மறுபடி ஆரம்பத்துல இருந்து ஓட விடும், அதனால ஸ்ருதி பி கைக்குப் போயிடும், ஏ-யோட ஃப்ரீக்வென்சி நாபை எவ்ளோ திருப்பினாலும் சுரம் மாறாது, தொண்டை கிழிய கத்துற மாதிரி குரல் மட்டும் மாறிட்டே போகும். அந்த திருப்புற வேலையை பாலி-மாட்ல (ஒரு பகுதியை வச்சு இன்னொண்ணை ஆட்டுற இடம்) ஃபில்டர் என்வலப்கிட்ட (கீயை அமுக்கினா ஏறி இறங்குற கன்ட்ரோல் சிக்னல்) குடுங்க, கீயை அமுக்கினதும் "யாஆவ்"னு இறங்கும் பாருங்க, அதான் சிங்க் லீட்!

எஃப்எம்ல பி-யோட அலையே ஏ-யோட ஃப்ரீக்வென்சியை படுவேகமா ஆட்டும். ரெண்டும் சைன் அலைன்னு வச்சுக்குங்க, ஏ 400 ஹெர்ட்ஸ், பி 100னா 300, 500, 200, 600னு புது ஃப்ரீக்வென்சிகள் முளைக்கும், எல்லாம் 100ஓட மடங்கு, காதுக்கு ஒட்டும். பி-யை 137 ஆக்கினா கோயில் மணி மாதிரி உலோகச் சத்தம்.

ஆனா அனலாக்ல எஃப்எம்மை கூட்டக் கூட்ட ஸ்ருதி நழுவும். அப்போ சிங்க்கையும் போடுங்க, பி இழுத்துப் பிடிச்சுக்கும். மிக்ஸர்ல ஏ-யை மட்டும் கேளுங்க.